நூற்றுப் பன்னிரண்டாம் வளை

நான் ஒரு திமிங்கிலத்தைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். சரி, திமிங்கிலம் இல்லை, கடல்நாய். தடவவும் இல்லை, பத்தடி தள்ளி நின்றேன், அது தும்மியது, தும்மல் என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. ஆளைப் பார்த்து இதை நான் நீட்டியும் சுருக்கியும் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பயணத்தில் மறுநாள் தீவில் நடந்ததை மட்டும் ஒரு விரற்கடைகூட நீட்டியதில்லை. நீட்டினால் எனக்கே பயமாக இருக்கிறது.

போனது மூன்று பேர். ஓட்டியவள் என் நாத்தனார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இருபத்தைந்து வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகியவள். தானே ஓட்டும்போதும் இல்லாத இரண்டாவது பிரேக்கைக் காலால் துழாவுவாள். முன்னால் வரைபடத்தோடு நான். பின்னால் எங்கள் சிநேகிதி பீப். இது பீப்பின் கதை.

பீப் என்று பெயர் வைத்தது அவளிடம் வரும் குழந்தைகள், மெஷின் போடும் சத்தத்தை வைத்து. ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதிக்கும் வேலை அவளுக்கு, முப்பத்தோரு வருஷமாக. இரண்டாம் மாடியின் கோடியில், எக்ஸ்ரேக்கு அடுத்து, அறைக்குள் ஓர் அறை. உள்ளறையின் கதவு ஐஸ் கிடங்குக் கதவைப் போலக் கனமானது. இழுத்துச் சாத்தினால் வெளி உலகத்தை யாரோ அணைத்துவிட்டது போல இருக்கும். சுவர் முழுக்கப் பொத்தல் போட்ட தகடு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பீப்பும் அவளுடைய மெஷினும்.

சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வலது காதென்றால் வலது கை, இடது காதென்றால் இடது கை. பொத்தானை அமுக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு, பீப் அதை நம்ப மாட்டாள். "விரல் பொய் சொல்லும், தோள்பட்டை சொல்லாது" என்பாள். கையைத் தூக்கினால் அடுத்த சத்தம் பத்துப் படி இறங்கும். தூக்காவிட்டால் ஐந்து படி ஏறும். இப்படி இறங்கி ஏறி இறங்கி, காது எந்தப் படியில் கைவிடுகிறதோ அங்கே தாளில் ஒரு குறி. பிறகு அடுத்த சுருதி. அவ்வளவுதான் வேலை.

சத்தங்களுக்கு நடுவே விடும் இடைவெளிதான் அவளுடைய கைப்பக்குவம். ஒரே தாளத்தில் விட்டால் ஆள் கேட்காமலே ஊகித்துக் கையைத் தூக்கிவிடுவார். அதனால் சட்டென்று இரண்டு. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று. அதைவிட நீளமாக ஒரு மௌனம். பிறகு மூன்று. இந்த வரிசை அவளுக்கே உரியது. பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. போனில் அவளோடு பேசியவர்களில் லைன் போய்விட்டதென்று "ஹலோ ஹலோ" கத்தாதவர்கள் கிடையாது.

ஏமாற்றுக்காரர்கள் இரண்டு வகை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிறவர்கள்: லாரி ஓட்டுநர்கள், காவல் வேலைக்கு மனுப் போட்டவர்கள். கண்ணாடி வழியாக அவள் முழங்கை அசைவதைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். அவர்களுக்காகவே மெஷினுக்கு முன்னால் ஒரு பழைய காலண்டர் அட்டையை நிறுத்தியிருந்தாள். கேட்பதைக் கேட்கவில்லை என்கிறவர்கள் மற்ற வகை: ஆலைச் சத்தத்தில் செவிடானேன் என்று நஷ்டஈடு கேட்பவர்கள். அப்படி ஒருவரிடம் உதட்டை அசைக்காமல், "சார், காலர்ல பூரான்" என்றாள். மனுஷன் ஹெட்போனோடு துள்ளிக் குதித்து வயரைப் பிய்த்துவிட்டார்.

பீப்பின் அப்பா மரம் அறுக்கும் மில்லில் காதைத் தொலைத்தவர். கத்திக் கத்தியே வளர்ந்தவள், கத்தாமல் இருக்கிற வேலை வேண்டும் என்று இதைப் படித்தாள். கல்யாண வாழ்க்கை ஏழு வருஷம். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாராமே" என்று அக்கம்பக்கத்தார் விசாரிக்க வந்தபோது, "சொல்லிட்டுத்தான் போனாரு. மிக்ஸி ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றாளாம். அதற்குப் பிறகு மாடியில் இரண்டு அறை, மூன்று கடிகாரம், எந்நேரமும் பாடும் ரேடியோ. அந்த ரேடியோவின் சத்தம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பயணத்தின் முதல் நாள் மதியம். பெட்ரோல் பங்க்கில் நாத்தனார் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டியில் சாய்ந்து நின்றபடி பீப் சொன்னாள்:

"அக்கா, வர்ற திங்கக்கிழமை எனக்கு டெஸ்ட்."

"என்ன டெஸ்ட்? சர்க்கரையா?"

"காது. வருஷத்துக்கு ஒரு தடவ எங்களையும் டெஸ்ட் பண்ணுவாங்க. போன வருஷம் நான் எப்படி பாஸ் ஆனேன் தெரியுமா? எனக்கு டெஸ்ட் எடுத்த சின்னவளோட முழங்கையைப் பாத்து."

சின்னவள் என்பது அவளிடமே தொழில் கற்ற பெண்.

"அந்தக் காலண்டர் அட்டை?"

"நான்தான் காலையிலயே எடுத்து ஒளிச்சு வச்சேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஆறு வயசுப் பொண்ணு வந்துச்சு. ரெண்டு காதுலயும் மேல் சுருதி கேக்கலைன்னு எழுதிட்டேன். அவங்க அம்மா அழுதுக்கிட்டே போனாங்க. குழந்தைக்கு ஒண்ணுமில்லக்கா. ஹெட்போன்ல அந்தச் சத்தமே வரல. தினம் காலைல அதைக் காதுல வச்சுப் பாக்க வேண்டியவ நான். வச்சும் பாத்தேன். எனக்கு எப்பவுமே கேக்காததால வித்தியாசம் தெரியல."

"யாரும் கண்டுபிடிக்கலையா?"

"மதியம் வயர் போயிருக்கும்னு சின்னவ மாத்திட்டா. பொண்ணை மறுபடி கூப்பிட்டு டெஸ்ட் எடுத்தாச்சு. யாருக்கும் சந்தேகமே வரல. அதான் பயமா இருக்கு."

"அப்ப நீயே சொல்லிடு."

"சொன்னா அந்த அறை போயிடும். கீழ ரெக்கார்டு ரூம்ல உக்கார வச்சிடுவாங்க." அவளுடைய மௌனங்களில் ஒன்று வந்து போனது. "நாளைக்குப் போற தீவுல மண்ணுக்குள்ள பறவை இருக்காம். நாம கூப்பிட்டா உள்ள இருந்து பதில் சொல்லுமாம். தாள் இல்லாம, சின்னவ இல்லாம, எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஒரு தடவ பாத்துக்கறேன். அப்புறம் முடிவு பண்றேன்."

நாத்தனார் கையைத் துடைத்தபடி வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் மாமியாரைப் பத்திப் பேசற மாதிரி முகத்தை வச்சிருக்கீங்க? அதுவும் எங்கம்மாவா அண்ணி?"

மாலை நான்கு மணிக்குச் சாலை கடலை ஒட்டி வளைந்தது. ஒரு பக்கம் உவர்நிலம், ஒரு பக்கம் ஈயத்தகடு போல அசையாத தண்ணீர். வழியில் ஒரு மணல் திட்டு முழுக்க ஆலாக்கள், கூர்மூக்கு வெள்ளைக் கடற்பறவைகள். நாங்கள் இறங்கியதும் ஆயிரம் பறவைகள் ஒன்றாக எழும்பித் தலைக்கு மேல் கிறீச்சிட்டன. தகரத்தைக் கண்ணாடியால் கீறுவது போன்ற சத்தம். நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு வண்டிக்குள் ஓடிவிட்டாள்.

பீப் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். மேலே ஆயிரம் அலகுகள் திறந்து திறந்து மூடின.

"எவ்வளவு அமைதியா இருக்கு" என்றாள்.

நான் பறவைகளை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

திட்டுக்கு அப்பால் கடல்நாய்கள், முப்பது இருக்கும், ஈரமூட்டைகளைப் போலக் கிடந்தன. அவை அடித்தொண்டையில் ஊளையிட்டன. அது பீப்புக்குக் கேட்டது, என்னைவிட நன்றாகவே. "போர்வைக்குள்ள யாரோ அழற மாதிரி இருக்கு" என்றாள். அவள் பேசியதும் ஊளை நின்றது. முப்பது தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பின. என் பக்கம் இல்லை. அவள் பக்கம். தும்மல் நடந்தது அப்போதுதான். இல்லாவிட்டால் நாங்கள் அங்கேயே உறைந்து நின்றிருப்போம்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படகு. தீவுக் காப்பாளரே வந்து ஏற்றிக்கொண்டார். முப்பது வயதுக்காரர். வருஷத்தில் எட்டு மாதம் தனியாக இருப்பவர். பேசி முடித்த பிறகும் நாம் நகர்ந்துவிடுவோமோ என்று இன்னொரு வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே இருப்பார். பாதி வழியில் நாத்தனாருக்குக் குமட்டல் எடுத்தது. இறங்கியதும் துறைக் கொட்டகையில் பெஞ்சோடு பெஞ்சாகப் படுத்துவிட்டாள். "தரையில ஓடறதைத்தான் நான் நம்புவேன். நீங்க போங்க அண்ணி, நான் செத்தா சொல்லி அனுப்பறேன்."

தட்டையான தீவு. மரம் கிடையாது. புல், அதற்கு அடியில் வளைகள். கைக்குள் அடங்குகிற கருப்புப் பறவை ஒன்று மண்ணைக் குடைந்து முட்டையோடு உள்ளேயே கிடக்குமாம். ஒவ்வொரு வளைக்கும் பக்கத்தில் எண் எழுதிய குச்சி நட்டிருந்தது.

"கை விடக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது" என்றார் காப்பாளர். "இந்தப் பெட்டில அதோட குரல் இருக்கு. வளை வாய்ல வச்சு ஒரு தடவ போடுங்க. பத்து எண்ணுங்க. உள்ள ஆள் இருந்தா பதில் சொல்லும். சொன்னா நோட்டுல டிக், இல்லைன்னா கோடு. நிறையப் பேர் வந்து எண்ணிக் கொடுத்துட்டுப் போவாங்க. போன மாசம்கூட ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். ரொம்ப நல்ல மனுஷர்."

பீப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "முப்பத்தோரு வருஷமா இதைத்தான் பண்றேன் தம்பி."

அவர் தெற்குப் பக்கம் போனார். நாங்கள் வடக்கு வரிசையில் ஒன்றிலிருந்து தொடங்கினோம். அவள் மண்டியிட்டுப் பெட்டியை வைப்பாள். நான் நோட்டோடு நிற்பேன். பெட்டி ஒரு முறை கரகரக்கும். பிறகு காலுக்கடியில், மண்ணுக்குள்ளிருந்து, எண்ணெய் போடாத சின்னக் கீல் ஒன்று மெல்லத் திறப்பது போல ஒரு கீச்சு. மனித வீட்டின் அடியில் இன்னொரு வீடு இருந்து, அங்கே யாரோ எழுந்து வருவது போல இருக்கும். நான் டிக் போடுவேன்.

"கேட்டுது" என்பாள் பீப்.

அடுத்ததில் ஒன்றுமிருக்காது. "இல்ல" என்பாள். எல்லாம் சரியாக இருந்தது. இவளுக்கா காது போய்விட்டது என்று எனக்கு நிம்மதிகூட வந்தது.

இருபதைத் தாண்டும்போதுதான் பார்த்தேன். அவள் வளையைப் பார்க்கவில்லை. என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுனி டிக் போடச் சாய்ந்தால் "கேட்டுது". கோடு போடப் படுத்தால் "இல்ல". அவளால் கண்டுபிடிக்கப்பட்ட அத்தனை லாரி ஓட்டுநர்களும் செய்ததை அவளே செய்துகொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல்.

எனக்குக் குறும்பு ஜாஸ்தி. முப்பத்து நான்காம் வளையில் பதிலே வரவில்லை. வேண்டுமென்றே டிக் போடுவது போலப் பேனாவை அசைத்தேன்.

"கேட்டுது" என்றாள் முகமெல்லாம் மலர.

சத்தமில்லாமல் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தேன். நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

நூறைத் தாண்டியபோது கடலிலிருந்து மூடுபனி ஏறியது. பட்டப்பகல் பன்னிரண்டு மணி. முதலில் துறை மறைந்தது, பிறகு கொட்டகை, பிறகு என் செருப்பு. அலைச் சத்தம் நின்றது. பனியில் சத்தம் மங்கும், தெரியும். ஆனால் இது மங்கவில்லை, கனமான கதவை இழுத்துச் சாத்தியது போல ஒரேயடியாக நின்றது. நாலடி தூரத்தில் பீப்பின் ஆரஞ்சு மழைக்கோட்டு ஒரு கறை போலத் தெரிந்தது. என் பேனா எனக்கே தெரியவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

நூற்றுப் பன்னிரண்டு. பெட்டி கரகரத்தது. பத்து எண்ணினேன். மண் ஊமையாக இருந்தது.

"கேட்டுது!" என்றாள் பீப். "அக்கா, கேட்டுதுக்கா! தெளிவாக் கேட்டுது!"

அப்படி ஒரு சந்தோஷத்தை அந்தக் குரலில் நான் கேட்டதேயில்லை. நான் பேனாவை அசைக்கவில்லை. எண்ணுக்கு எதிரே டிக்கும் போடவில்லை, கோடும் போடவில்லை.

அடுத்த குச்சிக்கு நகர்ந்தாள். பெட்டியின் கரகரப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பாட்டரி தீர்ந்ததோ என்று கிட்டே போனேன். பெட்டி அவளுடைய கோட்டுப் பையில் இருந்தது. அவள் வளைக்கு முன்னால் மண்டியிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவள் போல முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வலது கை உயர்ந்தது. இறங்கியது. உடனே மறுபடி உயர்ந்தது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

ஒரு தரம் உயர்ந்தது. அதைவிட நீளமான மௌனம். பிறகு மூன்று.

அது அவளுடைய வரிசை. அவளைத் தவிர வேறு யாரும் விடாத இடைவெளிகள். யாரோ அவளிடமே அதைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றே?" என்றேன். என் குரல் பக்கத்து அறையில் யாரோ பேசியது போல இருந்தது.

"பேசாதீங்க அக்கா. டெஸ்ட் நடக்குது."

"யாரு பண்றா?"

முட்டியாலேயே அடுத்த குச்சிக்கு நகர்ந்தாள். அங்கே கை உயர்வது குறைந்தது. அதற்கடுத்ததில் இன்னும் குறைந்தது. பிறகு இடது கை. குச்சிக்குக் குச்சி சுருதி ஏறுகிறது என்று எனக்குப் புரிந்தது, எனக்கு ஒரு சத்தமும் கேட்காமலே. கடைசியில் ஒரு வளைக்கு முன்னால் இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, வா போகலாம்" என்றேன்.

"இல்லைன்னு சொல்லாதீங்க. உள்ள சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. எனக்குத்தான் கேக்கல."

"கேக்காதது வருதுன்னு எப்படித் தெரியும்?"

"இடைவெளி தெரியுதே."

அப்போது எங்கள் காலுக்கு அடியில் மண்ணை யாரோ தட்டினார்கள். டொக், டொக். உள்ளங்காலில் உணர்ந்தேன். இரண்டு தட்டு. சோதனை முடிந்ததும் கண்ணாடியில் விரலால் தட்டுவது அவர்கள் ஆஸ்பத்திரி வழக்கம்.

பீப் கண்ணைத் திறந்தாள். என் நோட்டைப் பிடுங்கிக் கடைசித் தாளில் ஆஸ்பத்திரித் தாளைப் போலக் கட்டம் வரைந்து, வலது காதுக்கு வட்டமும் இடது காதுக்குப் பெருக்கல் குறியுமாக மளமளவென்று போட்டு, தாளைக் கிழித்துப் பையில் வைத்தாள். மறுகணம் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பனிக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

துறையில் காப்பாளர் நோட்டைப் புரட்டினார். "நூத்திப் பன்னண்டு வரைக்கும் போனீங்களா? அந்தக் கோடி காலிம்மா. போன குளிர்காலம் கடல் உள்ள புகுந்து வளையெல்லாம் இடிஞ்சு மூடிடுச்சு. குச்சி மட்டும்தான் நிக்குது. பிடுங்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். அங்க நான் தனியாப் போறதில்ல."

"ஏன் தம்பி?"

"சும்மாதான்" என்றார். அதற்கு மேல் ஒரு வாக்கியம்கூடச் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை பீப் தன் கையாலேயே காலண்டர் அட்டையை மெஷினுக்கு முன்னால் நிறுத்தினாள். அது போதாதென்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சோதனை முடிந்து வெளியே வந்து, சின்னவள் தயங்கித் தயங்கி நீட்டிய தாளுக்குப் பக்கத்தில் என் நோட்டிலிருந்து கிழித்த தாளை வைத்தாள். வட்டத்துக்கு வட்டம், குறிக்குக் குறி, ஒரு படிகூட மாறவில்லை.

"இது எந்த ஆஸ்பத்திரில எடுத்தீங்க மேடம்? ரொம்ப நல்லா எடுத்திருக்காங்களே" என்றாளாம் சின்னவள்.

"வெளியூர்ல" என்றாள் பீப்.

பிறகு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். போன வருஷம் முழங்கையைப் பார்த்தது, ஆறு வயதுப் பெண்ணின் தாளில் தவறு யாருடையது, ஒரு வருஷமாகத் தான் சோதித்தவர்களில் யார் யாரைத் திரும்பக் கூப்பிட வேண்டும், எல்லாம். கையெழுத்துப் போட்டு, அறைச் சாவியைக் கடிதத்தின் மேல் வைத்தாள். அந்தச் சிறுமியின் வீட்டுக்கு அவளே போய் மன்னிப்புக் கேட்டாள். ஓய்வு பெறும்வரை மிச்சமிருந்த ஒன்றரை வருஷமும் ரெக்கார்டு அறையில், இரண்டு காதிலும் மெஷின் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "காகிதம் இவ்வளவு சத்தம் போடும்னு யாருமே சொல்லலையே அக்கா" என்பதுதான் அவள் அங்கே சொன்ன ஒரே குறை. அறையைப் பற்றிப் பேச மாட்டாள். எக்ஸ்ரேக்குப் போக வேண்டியிருந்தால்கூட இரண்டாம் மாடியின் மற்றக் கோடி வழியாகச் சுற்றிப் போவாளாம்.

இதுவரை எழுதியதை நேற்று அவளுக்கும் நாத்தனாருக்கும் வாசித்துக் காட்டினேன். "நான் பெஞ்சோடு பெஞ்சாகப் படுக்கலை, சாய்ஞ்சிருந்தேன்" என்றாள் நாத்தனார். அதைத் திருத்துவதாக இல்லை. பீப் கடைசிவரை குறுக்கிடவில்லை. லைன் போய்விட்டது போல வெகுநேரம் இருந்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் சரிதான் அக்கா. ஒண்ணு மட்டும் தப்பா எழுதியிருக்கீங்க. ரெண்டு தட்டு இல்ல, மூணு. மூணாவது உங்களுக்குக் கேக்கலையா?"

"ரெண்டோ மூணோ. அதுல என்ன இருக்கு?"

"இருக்கு. ரெண்டு தட்டினா, முடிஞ்சுது, நீங்க வெளியே வாங்கன்னு அர்த்தம். மூணு தட்டினா, அடுத்து நிக்கறவங்களை உள்ள அனுப்புங்கன்னு அர்த்தம். அதான் உங்களை இழுத்துக்கிட்டு ஓடினேன்."